தேனி காற்றாலையைச் சுழற்றும் அதே காற்று... வாஸ்கோடகாமாவை வாழவைத்ததும் வதைத்ததும் எப்படி?

ஆண்டிபட்டியிலிருந்து கண்டமனூர் பக்கம் ஜூன், ஜூலை மாதங்களில் பைக்கில் போனவர்களுக்குத் தெரியும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கவில்லை என்றால் காற்று வண்டியையே ஓரமாகத் தள்ளிவிடும். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளில் புகுந்து கம்பம் பள்ளத்தாக்கு வழியாக இறங்கும் இடம் அது. அந்தக் காற்றை நம்பித்தான் அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன.

அப்படியே மேற்கே திரும்பினால் மலை. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என எந்தப் பாதையில் ஏறினாலும் மேலே ஏலக்காயும் மிளகும்தான். விடிவதற்கு முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க இருக்கிறார்கள். அங்கே விளையும் ஏலக்காய், போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையத்துக்கு வந்து கம்ப்யூட்டர் திரையில் விலை போகிறது.

இந்தக் காற்று, இந்த மலைச்சரக்கு. சுமார் 500 வருஷத்துக்கு முன்னால் ஒரு போர்ச்சுகீசிய மாலுமியின் மொத்த வாழ்க்கையையும் தீர்மானித்தவை இந்த இரண்டும்தான். அவர் பெயர் நமக்கு ஒரு மார்க் கேள்வியாக அறிமுகம்: இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தவர் யார்? வாஸ்கோடகாமா. அடுத்த கேள்வி!

அந்த ஒரு மார்க்குக்குள் அடங்காத ஆள் அவர்.

சைன்ஸ் ஊர்ப் பையன்

போர்ச்சுகல் நாட்டின் தென்மேற்குக் கரையில் சைன்ஸ் என்று ஒரு சின்னத் துறைமுகம். 1460-களில் அங்கே பிறந்தார் காமா. அப்பா எஸ்தேவாவ் டகாமா, அந்த ஊர்க் கோட்டையின் பொறுப்பாளர். பெரிய ஜமீன் குடும்பம் கிடையாது. அரசருக்கு ஊழியம் பார்த்து மேலே வரவேண்டிய நடுத்தர பிரபுக் குடும்பம்.

இளமைக் காலம் பற்றிப் பதிவாகியிருப்பது கொஞ்சம்தான். 1492-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு போர்ச்சுகீசியக் கப்பலைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள். பதிலுக்கு போர்ச்சுகல் துறைமுகங்களில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்களைக் கைப்பற்ற அரசர் இரண்டாம் ஜான் அனுப்பிய ஆள் காமா. வேலையை வேகமாக, கறாராக முடித்தார். அவரை அரண்மனை எதற்காக ஞாபகம் வைத்துக்கொண்டது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

அப்போது ஐரோப்பாவில் மிளகு சாதாரணச் சரக்கு இல்லை. மலபாரில் ஏற்றி, செங்கடல் வழியாக எகிப்து போய், அங்கிருந்து வெனிஸ் வியாபாரிகள் கைக்கு மாறி, ஒவ்வொரு கையிலும் விலை ஏறித்தான் சந்தைக்கு வரும். நடுவில் இருக்கும் எல்லோரையும் விட்டுவிட்டு நேராகத் தோட்டத்துக்கே போய் வாங்கினால் என்ன என்பதுதான் போர்ச்சுகல் அரசர்களின் கணக்கு. இன்றைய பாஷையில் சொன்னால், இடைத்தரகரை கட் பண்ணுவது.

1488-லேயே பார்த்தலோமியு டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தார். ஆகவே பாதையில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதிக்கு ஆள் தேடியபோது, அடுத்து வந்த அரசர் முதலாம் மானுவல் அனுபவசாலியான டயஸை விட்டுவிட்டு காமாவைத் தேர்ந்தெடுத்தார். பாவம் டயஸ், கப்பல் கட்டும் வேலையை மேற்பார்வை பார்த்துக் கொடுத்துவிட்டு, கொஞ்ச தூரம் கூடவே வந்து வழியனுப்பிவிட்டுப் போனார்.

மூன்று மாதம் கரையே இல்லை

1497 ஜூலை 8. லிஸ்பனிலிருந்து நான்கு கப்பல்கள் கிளம்பின. சாவ் கேப்ரியல் கப்பலில் காமா. சாவ் ரஃபேல் கப்பலில் அண்ணன் பாவ்லோ. பெரியோ என்ற சின்னக் கப்பலுக்கு நிக்கோலாவ் கோயெல்யோ தலைவர். நான்காவது, சாப்பாட்டுச் சாமான் ஏற்றிய சரக்குக் கப்பல். எல்லாம் சேர்த்து சுமார் 170 பேர்.

இந்தப் பயணத்தில் மாலுமித் திறமை எங்கே இருக்கிறது என்று கேட்டால், அது இந்தியப் பெருங்கடலில் இல்லை, அட்லாண்டிக்கில்தான். ஆப்பிரிக்கக் கரையை ஒட்டியே போனால் எதிர்க்காற்றும் எதிர்நீரோட்டமும் கப்பலை நகரவிடாது. அதனால் காமாவின் கப்பல்கள் கரையை விட்டு விலகி, அட்லாண்டிக் நடுவில் ஒரு பெரிய அரைவட்டம் அடித்தன. தெற்கே போக வேண்டியவர்கள் முதலில் மேற்கே போனார்கள்! தெற்கே இறங்கியதும் அங்கே வீசும் மேலைக்காற்றைப் பிடித்துக் கிழக்கே திரும்பினார்கள்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் கேப் வெர்டி தீவுகளை விட்டவர்கள், நவம்பர் 4-ம் தேதிதான் மறுபடி நிலத்தைப் பார்த்தார்கள். நடுவில் மூன்று மாதம் தண்ணீர் மட்டும்தான். கொலம்பஸ் 1492-ல் கேனரித் தீவுகளிலிருந்து கரீபியன் போக எடுத்துக்கொண்டது ஐந்து வாரம். அதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று புரியும்.

நவம்பர் 22-ல் நன்னம்பிக்கை முனை தாண்டியாச்சு. மோசல் விரிகுடாவில் சரக்குக் கப்பலைக் கழற்றி, சாமான்களை மற்ற மூன்று கப்பல்களுக்கு மாற்றினார்கள். 1498 மார்ச்சில் மொசாம்பிக். அதன்பிறகு நடந்ததெல்லாம் காமா எதிர்பார்க்காதது.

அவர் பின்தங்கிய ஊர்களை எதிர்பார்த்து வந்தார். வெறும் மணியும் தொப்பியும் கொடுத்து சரக்கு வாங்கிவிடலாம் என்று நினைத்து வந்தார். கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களிலோ கல் வீடுகள், பட்டு உடுத்திய வியாபாரிகள், வரைபடம் வைத்திருக்கும் மாலுமிகள், குஜராத்திலிருந்து வந்து நிற்கும் கப்பல்கள். மொசாம்பிக்கில் சண்டை, மொம்பாசாவில் சந்தேகம். ஏப்ரல் 14-ல் மலிந்தி போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஊர் அரசருக்கு மொம்பாசாவோடு ஆகாது. அதனால் காமாவுக்கு நட்புக்கரம் நீட்டினார். கூடவே ஒரு வழிகாட்டியையும் கொடுத்தார்.

பெயர் இல்லாத ஹீரோ

இந்தக் கதையில் உண்மையான ஹீரோ அந்த வழிகாட்டிதான். அரபு உலகின் புகழ்பெற்ற கடலோடி அகமது இப்னு மாஜித்தான் அவர் என்று ரொம்ப நாளாக ஒரு கதை உண்டு. இன்றைய வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை. குஜராத்தைச் சேர்ந்த ஒரு மாலுமி என்பதே இப்போது பெரும்பாலானவர்களின் முடிவு.

அவருக்குத் தெரிந்தது, கோடைக்குப் பிறகு காற்று எந்தத் திசையில், எப்போது எழும் என்பது. நம் பக்கத்துக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை கடந்தால் மேற்கிலிருந்து காற்று எழும், ஆடியில் அம்மியும் பறக்கும், ஐப்பசிக்குப் பிறகு திசை மாறி வாடைக்காற்று வரும். அரபிக்கடலின் மொத்தப் போக்குவரத்தும் இந்த டைம்டேபிளில்தான் ஓடியது. ஒன்றரை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ரோமானியக் கப்பல்கள் முசிறித் துறைமுகத்துக்கு வந்து மிளகு ஏற்றிப் போனதும் இதே காற்றில்தான். காமாவுக்கு சுமார் 90 வருஷம் முன்னால் சீனாவின் ஜெங் ஹ, அவருடைய கப்பல்களைவிடப் பல மடங்கு பெரிய படையோடு கோழிக்கோடு வந்து போயிருக்கிறார். வழி ஏற்கெனவே இருந்தது. காமா அந்த வழியைக் கேட்டுத் தெரிந்துகொண்டார், அவ்வளவுதான்.

ஏப்ரல் 24-ல் மலிந்தியிலிருந்து கிளம்பினார்கள். சுமார் 23 நாளிலேயே, மே 18 அன்று, தூரத்தில் உயரமான மலைகள் தெரிந்தன. மேற்குத் தொடர்ச்சி மலை! கம்பத்திலிருந்து நாம் மேற்கே பார்க்கும் அதே மலைத்தொடரின் வடபகுதியை, அவர்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தார்கள். இடியும் மழையுமாக இருந்ததால் கரையைச் சரியாக அடையாளம் காண இரண்டு நாள் ஆனது. மே 20-ல் கோழிக்கோடு அருகே, இன்று காப்பாடு கடற்கரை என்று நினைவுக்கல் வைத்திருக்கும் பக்கம், நங்கூரம் இறங்கியது.

முதலில் இந்திய மண்ணில் கால் வைத்தது காமா இல்லை. அந்த மாதிரி ரிஸ்க்கான வேலைக்கென்றே சில தண்டனைக் கைதிகளைக் கப்பலில் கூட்டி வந்திருந்தார்கள். அதில் ஒருவர்தான் முதலில் கரைக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவரை வரவேற்றது ஸ்பானிய மொழி தெரிந்த இரண்டு துனிசியா வியாபாரிகள். பத்து மாதம் உயிரைக் கொடுத்து வந்து சேர்ந்த இடத்தில், பக்கத்து ஊர்க்காரன் ஏற்கெனவே கடை போட்டு உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்திருக்கும்.

தொப்பியும் தேனும்

கோழிக்கோட்டை ஆண்ட சாமூத்திரி மன்னர் மரியாதையாகவே சந்தித்தார். வழியில் ஓர் அம்மன் கோயிலைப் பார்த்த போர்ச்சுகீசியர்கள், அதை ஒரு மாதிரியான கிறிஸ்தவ தேவாலயம் என்று நினைத்து உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். இந்துக்கள் எல்லோரும் வேறு வகைக் கிறிஸ்தவர்கள் என்ற நினைப்போடுதான் அந்த முதல் பயணம் முழுக்கப் போனது.

சொதப்பியது பரிசில். மன்னருக்குக் கொடுக்க காமா எடுத்து வைத்தவை: கோடு போட்ட துணி 12, சிவப்புத் தலைமூடி 4, தொப்பி 6, பவளச் சரம் 4, கைகழுவும் பாத்திரம் 6, ஒரு பெட்டி சர்க்கரை, இரண்டு பீப்பாய் எண்ணெய், இரண்டு பீப்பாய் தேன். இதைப் பார்த்த அரண்மனை அதிகாரிகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். மெக்காவிலிருந்து வரும் ஏழை வியாபாரிகூட இதைவிட நல்லதாகக் கொண்டுவருவான், மன்னருக்கு என்றால் தங்கம் கொடு என்றார்கள். மிளகும் ஏலமும் பட்டையும் மலைபோல் குவிந்திருக்கும் சந்தையில், சர்க்கரையும் எண்ணெயும் எதற்கு?

அடுத்த மூன்று மாதம் இழுபறி. சுங்கவரி கட்டச் சொன்னார்கள், காமா முரண்டு பிடித்தார். இவர் ஆட்களை அவர்கள் நிறுத்தி வைக்க, அவர்கள் ஆட்களை இவர் பிடித்து வைக்க, கொஞ்சம் போல மிளகும் மற்ற சரக்கும் ஏற்றிக்கொண்டு 1498 ஆகஸ்ட் 29-ல் கோபத்தோடு கிளம்பினார்.

இங்கேதான் காமாவின் வாழ்க்கையிலேயே பெரிய தப்பு நடந்தது.

எதிர்க்காற்றில் மூன்று மாதம்

ஆகஸ்ட் கடைசி என்றால் ஆவணி. கண்டமனூர் காற்றாலைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் நேரம். மேற்கிலிருந்து வரும் காற்று நிற்கவில்லை. ஆப்பிரிக்காவுக்குத் திரும்புகிறவர்கள் வாடைக்காற்று எழும்வரை காத்திருந்து, மார்கழி, தையில்தான் கிளம்புவார்கள். கோழிக்கோட்டில் எந்தப் படகோட்டியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். காமா காத்திருக்கத் தயாராக இல்லை. கர்நாடகக் கரைக்கு அப்பால் அஞ்சதீவு என்ற தீவில் கப்பலைப் பழுது பார்த்துவிட்டு, அக்டோபர் 5-ல் நேராக மேற்கே விட்டார்.

வரும்போது 23 நாளில் கடந்த அதே கடல். திரும்பும்போது ஏறக்குறைய மூன்று மாதம். ஒரு நாள் எதிர்க்காற்று, அடுத்த நாள் காற்றே இல்லாமல் பாய் தொங்கும். குடிதண்ணீர் அளவு குறைந்தது. ஸ்கர்வி நோய் பரவியது. வைட்டமின் சி இல்லாமல் ஈறு வீங்கிப் பற்களை மூடிவிடும், கால் வீங்கும், பழைய காயங்கள் திறந்துகொள்ளும். கடைசியில் ஆள் செத்துப்போவார். இதற்கு எலுமிச்சை, ஆரஞ்சு போதும் என்று ஒரு கப்பல் டாக்டர் சோதனை செய்து காட்ட இன்னும் 250 வருஷம் இருந்தது. ஆனாலும் அனுபவத்தில் மாலுமிகளுக்கு ஏதோ பிடிபட்டிருந்தது. மலிந்தி வந்து சேர்ந்ததும் நோயாளிகளுக்காக காமா கேட்டு வாங்கியது ஆரஞ்சுப் பழங்கள்.

அந்த ஒரு கடப்பில் மட்டும் 30 பேர் இறந்தார்கள். அதற்கு முன்பே இன்னொரு 30 பேர் போயிருந்தார்கள். 1499 ஜனவரி 2-ல் சோமாலியாவின் மொகதிஷு நகரம் கண்ணில் பட்டபோது, ஒவ்வொரு கப்பலிலும் வேலை செய்யும் நிலையில் ஏழெட்டுப் பேர்தான். மூன்று கப்பலை ஓட்ட ஆள் இல்லை. அதனால் மொம்பாசா அருகே சாவ் ரஃபேல் கப்பலைத் தாங்களே தீ வைத்து எரித்தார்கள்.

ஊருக்குப் போவதற்குள் அண்ணன் பாவ்லோவுக்கும் முடியாமல் போனது. காமா கப்பலை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அண்ணனை அசோர்ஸ் தீவுகளுக்குத் தூக்கிப்போனார். பாவ்லோ அங்கேயே இறந்தார். பெரியோ கப்பல் 1499 ஜூலை 10-ல் லிஸ்பனைத் தொட்டு, வெற்றிச் செய்தியைச் சொல்லி, நகரமே கொண்டாடியது. காமா போய்ச் சேர்ந்தது அதற்கும் ஒன்றரை, இரண்டு மாதம் கழித்து. கிளம்பிய 170 பேரில் திரும்பி வந்தவர்கள் சுமார் 55.

அரசர் பட்டம் கொடுத்தார், பென்ஷன் கொடுத்தார், அட்மிரல் ஆக்கினார். காமா ஆசையாகக் கேட்ட சொந்த ஊர் சைன்ஸை மட்டும் கைக்கு வரவிடாமல், அதை வைத்திருந்த சாண்டியாகோ சபை கடைசிவரை தடுத்துவிட்டது.

மிரி

இதுவரை இது ஒரு மாலுமியின் கதை. 1502-க்குப் பிறகு அப்படிச் சொல்ல முடியாது.

நடுவில் 1500-ல் கப்ரால் தலைமையில் இன்னொரு படை கோழிக்கோடு வந்தது. வழியில் நன்னம்பிக்கை முனைப் பக்கம் அடித்த புயலில், அதே முனையை முதலில் தாண்டிய டயஸ் கப்பலோடு மூழ்கிப்போனார். கோழிக்கோட்டில் வியாபாரப் போட்டி கலவரமாகி, ஐம்பதுக்கும் மேற்பட்ட போர்ச்சுகீசியர்கள் கொல்லப்பட்டார்கள். கப்ரால் நகரத்தின் மீது பீரங்கி அடித்துவிட்டு, கொச்சி மன்னரோடு நட்பு பிடித்துக்கொண்டு திரும்பினார்.

பழிவாங்கும் வேலைக்குக் கறாரான ஆள் வேண்டும். மறுபடி காமா. இந்த முறை சுமார் 20 கப்பல்கள், கனமான பீரங்கிகள். தொப்பியும் தேனும் இல்லை.

1502 அக்டோபர் தொடக்கத்தில், கண்ணூர்ப் பக்கம் கடலில் மிரி என்ற கப்பலை மடக்கினார்கள். மெக்கா புனிதப் பயணம் முடித்துக் கோழிக்கோடு திரும்பிக்கொண்டிருந்த கப்பல் அது. பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள். கப்பலில் இருந்த பெரிய வியாபாரி, எவ்வளவு வேண்டுமானாலும் பணம் தருகிறேன், கப்பல்கள் நிறைய மிளகு ஏற்றித் தருகிறேன் என்று பேரம் பேசினார். காமா கேட்கவில்லை. சரக்கை இறக்கிக்கொண்டு, ஆட்களை உள்ளேயே வைத்துக் கப்பலுக்குத் தீ வைக்கச் சொன்னார்.

உள்ளே இருந்தவர்கள் தீயை அணைத்துவிட்டுக் கையில் கிடைத்ததை வைத்துச் சண்டை போட்டார்கள். பெண்கள் நகைகளைத் தூக்கிக் காட்டினார்கள், கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். நாள்கணக்கில் நீண்ட அந்தச் சண்டையின் முடிவில் கப்பல் எரிந்தது. மதம் மாற்றி வளர்ப்பதற்காக எடுத்துக்கொண்ட சில குழந்தைகளையும் ஒரு வழிகாட்டியையும் தவிர யாரும் தப்பவில்லை. இதை எழுதி வைத்தவர் எதிரி நாட்டுக்காரர் இல்லை. காமாவின் படையில் இருந்த தோமே லோபஸ் என்ற போர்ச்சுகீசியர். சாகும்வரை மறக்க முடியாத காட்சி என்று அவரே பதிவு செய்திருக்கிறார்.

பிறகு கோழிக்கோடு. ஊரில் இருக்கும் முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்ற வேண்டும் என்று நிபந்தனை வைத்தார் காமா. தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்களை வெளியேற்ற முடியாது என்று மறுத்தார் சாமூத்திரி. மீன் விற்கப் படகில் வந்தவர்களைப் பிடித்துக் கப்பல் பாய்மரத்தில் தூக்கிலிட்டு, உடல்களைச் சிதைத்து, கரைக்கு அனுப்பினார் காமா. அடுத்த நாளும் பீரங்கி முழங்கியது. அதன் பிறகு கொச்சிக்கும் கண்ணூருக்கும் போய் மிளகு ஏற்றிக்கொண்டு, இந்த முறை காற்றை மதித்து, சரியான பருவத்தில் ஊர் திரும்பினார்.

அதுவரை இந்தக் கடலில் சண்டையும் கொள்ளையும் இல்லாமல் இல்லை. ஆனால், கடலே எனக்குச் சொந்தம் என்று யாரும் சொன்னது கிடையாது. காமாவுக்குப் பின் வந்தவர்கள், தங்களிடம் பாஸ் வாங்காத கப்பலைப் பிடிப்போம் என்று சட்டமே போட்டார்கள். அதை எதிர்த்து சாமூத்திரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்கள் அந்த நூற்றாண்டு முழுக்கப் போராடினார்கள்.

இருபது வருஷ ஓய்வு, மூன்று மாத வேலை

திரும்பிப்போன காமாவுக்கு அடுத்த இருபது வருஷம் கடல் இல்லை. குடும்பம், ஆறு மகன்கள், ஒரு மகள், அரண்மனையோடு மனஸ்தாபம். மெகல்லன் மாதிரி நானும் ஸ்பெயின் பக்கம் போய்விடுகிறேன் என்று மிரட்டிப் பார்த்தார். அதற்குப் பலன் கிடைத்தது. 1519-ல் விதிகேரா என்ற ஊரின் பிரபு ஆனார்.

இங்கே இந்தியாவில் போர்ச்சுகீசிய நிர்வாகம் ஊழலில் நாறிக்கொண்டிருந்தது. அதிகாரிகள் அரசரின் பணத்தில் சொந்த வியாபாரம் நடத்தினார்கள். அதைச் சரிசெய்ய, மூன்றாம் ஜான் அரசர் 1524-ல் வயதான காமாவை வைஸ்ராயாக அனுப்பினார். 14 கப்பல்கள். இந்தியக் கரையை நெருங்கும்போது கடலடியில் நிலநடுக்கம் ஏற்பட்டு, காற்றே இல்லாமல் கப்பல்கள் குலுங்கின. எல்லோரும் அலற, கடலே நம்மைப் பார்த்து நடுங்குகிறது என்று காமா தைரியம் சொன்னதாகக் கதை உண்டு.

கோவாவில் இறங்கியதும் வேட்டை ஆரம்பம். அதிகாரிகளைப் பதவியிலிருந்து தூக்கினார். தடையை மீறிக் கப்பலில் ஒளிந்து வந்த மூன்று பெண்களுக்குப் பொதுவில் சவுக்கடி கொடுக்க வைத்தார். பலர் கெஞ்சியும் கேட்கவில்லை. 1492-ல் பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடித்த அதே ஆள்தான், மாறவே இல்லை. உடம்புதான் மாறியிருந்தது. மலேரியா என்று சொல்லப்படும் காய்ச்சலில் விழுந்து, வந்த மூன்றே மாதத்தில், 1524 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், கொச்சியில் இறந்தார்.

அவர் திறந்துவிட்ட பாதையில் வந்த கப்பல்கள்தான் பின்னால் அமெரிக்காவிலிருந்து மிளகாயைக் கொண்டுவந்தன. மிளகு போலக் காரமாக இருந்த காய்க்கு நாம் மிளகாய் என்று பேர் வைத்தோம். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் அந்தக் கப்பல்களில் வந்து தமிழில் தங்கிவிட்ட வார்த்தைகள்.

கம்பத்திலிருந்து குமுளி ஏறி கொச்சிக்கு டூர் போகிறவர்கள், ஃபோர்ட் கொச்சியில் புனித பிரான்சிஸ் தேவாலயத்தை எட்டிப் பார்ப்பது வழக்கம். உள்ளே தரையில் காமாவை அடக்கம் செய்த இடத்தில் ஒரு கல் இருக்கிறது, சுற்றிலும் கம்பித் தடுப்பு. போட்டோ எடுக்கும்போது ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும். அடியில் அவர் இல்லை. இறந்து பதினைந்து வருஷம் ஆவதற்குள் எலும்புகளைத் தோண்டியெடுத்துக் கப்பலில் போர்ச்சுகல் கொண்டுபோய்விட்டார்கள்.